வூர்ஸ்பர்க் அரண்மனையில் பல்தாசர் நொய்மனின் பங்கு எது?

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் உள்ள அரண்மனையைக் கட்டியவர் பல்தாசர் நொய்மன் என்று ஓரிடத்தில் படித்ததாகவும், வியன்னா, மைன்ஸ், பாரிஸ் நகரங்களைச் சேர்ந்த கலைஞர்கள் வரைந்ததை அவர் நிறைவேற்றிக் கொடுத்தார், அவ்வளவுதான் என்று வேறோரிடத்தில் படித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். மணி வார்க்கும் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் எப்படி அரசவைக் கட்டடக் கலைஞர் ஆனார் என்றும், அவருக்கே உரியது என்று சொல்லத்தக்கது அந்த அரண்மனையில் என்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் படித்த இரண்டுமே பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்வதற்கு அவருடைய இளமையிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனெனில் அவர் கட்டடத் தொழிலுக்குள் வந்த வழியே வேறு.

நொய்மன் 1687 சனவரி இறுதியில் பொகீமியாவின் ஏகர் நகரில் பிறந்தார்; இன்று அது செக் நாட்டின் மேற்கு எல்லையில் ஹெப் என்ற பெயரில் இருக்கிறது. தந்தை துணி நெய்பவர், பிள்ளைகள் அதிகம், கையிருப்பு குறைவு. சிறுவன் மணியும் பீரங்கியும் வார்க்கும் தொழிலுக்கு அனுப்பப்பட்டான். இவ்விரண்டையும் ஒரே பட்டறையில் வார்ப்பது நமக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் வெண்கலம்தான், அச்சும் உலையும்தான். போர் வந்தால் கோயில் மணியை உருக்கிப் பீரங்கி செய்வதும் ஐரோப்பாவில் புதிதன்று. பீரங்கியோடு சேர்ந்த வெடிமருந்துக் கலையையும் வாணவேடிக்கையையும் அவர் கற்றார். அக்காலக் கைவினைஞர் வழக்கப்படி ஊர் விட்டு ஊர் சென்று வேலை பழகப் புறப்பட்டு, 1711இல் வூர்ஸ்பர்க் நகரின் ஒரு வார்ப்புப் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது இருபத்து நான்கு. அதுவரை ஒரு சுவர்கூட எழுப்பியவர் அல்லர்.

அந்த நகரில் ஒரு படைப் பொறியாளரிடம் வடிவியலும் நில அளவையும் கோட்டை அமைப்பும் கற்கத் தொடங்கினார். படிப்புச் செலவுக்குச் சொந்த ஊரான ஏகர் நகர மன்றத்திடம் கடன் கேட்டுப் பெற்றார். 1713இல் அவர் செய்த பித்தளைக் கருவி ஒன்று வூர்ஸ்பர்க் கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது: தூண் வகைகளுக்கு உரிய அளவு விகிதங்களைக் கணக்குப் போடாமலே எடுத்துக் கொடுக்கும் விகிதமானி அது. கட்டடக் கலையின் இலக்கணத்தைக் கைக்கு அடக்கமான ஒரு கருவியாக்கிவிட வேண்டும் என்ற அந்த எண்ணம் பட்டறையில் வளர்ந்தவருக்கே வரக்கூடியது. 1714இல் பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1717இல் ஆஸ்திரியப் படைத்தலைவர் இளவரசர் யூஜின் துருக்கியரிடமிருந்து பெல்கிரேடைக் கைப்பற்றிய போரில் பங்கேற்றார். அடுத்த ஆண்டு மிலான் நகரில் இருந்தார். வட இத்தாலியின் வளைகூரைகளை அவர் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

1719இல் யோகான் பிலிப் பிரான்ஸ் ஃபொன் ஷோன்பார்ன் வூர்ஸ்பர்க்கின் அரச ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரச ஆயர் என்றால், திருச்சபைப் பொறுப்போடு நாட்டின் ஆட்சியையும் கையில் வைத்திருப்பவர். வரி, படை, நீதிமன்றம் எல்லாம் அவர் கீழ்தான். ஷோன்பார்ன் குடும்பம் அப்போது இப்படிப்பட்ட பதவிகளில் வரிசையாக அமர்ந்திருந்தது. சிற்றப்பா லோதர் பிரான்ஸ் மைன்ஸ் பேராயர். ஒரு சகோதரர் பிரீட்ரிக் கார்ல் வியன்னாவில் புனித ரோமப் பேரரசின் துணைத் தலைமை அமைச்சர். இன்னொருவர் டாமியன் ஹூகோ ஷ்பையர் மறைமாவட்டத்தின் அரச ஆயர். இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பித்து இருந்தது, கட்டடப் பித்து. தங்களைக் ‘கட்டடப் புழு’ அரிப்பதாகக் குடும்பத்தாரே ஜெர்மன் மொழியில் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டனர்.

கோட்டையிலிருந்து நகருக்குள் இறங்கிவந்து புதிய அரண்மனை கட்ட வேண்டும் என்று யோகான் பிலிப் பிரான்ஸ் முடிவு செய்தபோது, ஐரோப்பாவில் பெயர்பெற்ற எந்தக் கட்டடக் கலைஞரையும் அவர் அழைத்திருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்ததோ பெரிய கட்டடம் எதையும் கட்டி அறியாத, முப்பத்து மூன்று வயதான ஒரு படைப் பொறியாளரை. இது குருட்டுத் துணிச்சல் என்று நான் நினைக்கவில்லை. வடிவமைப்புக்குக் குடும்பத்தின் செல்வாக்கே போதும், வியன்னாவிலும் மைன்ஸிலும் வரையத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்; களத்தில் நின்று கணக்குப் பார்க்கவும், கல்லையும் சுண்ணாம்பையும் ஆட்களையும் மேய்க்கவும், வருகிற வரைபடங்களில் எது நிற்கும் எது நிற்காது என்று சொல்லவும் தெரிந்த ஒருவர்தான் அவருக்குத் தேவைப்பட்டார். அடிக்கல் 1720 மே 22 அன்று நாட்டப்பட்டது.

இனி வரைந்தவர் யார் என்ற வழக்குக்கு வருவோம். வரைபடங்கள் வூர்ஸ்பர்க், மைன்ஸ், வியன்னா என்று மூன்று நகரங்களுக்கிடையே ஆண்டுக்கணக்கில் போய்வந்தன. மைன்ஸ் தரப்பில் மாக்சிமிலியன் ஃபொன் வெல்ஷ், வியன்னா தரப்பில் லூக்காஸ் ஃபொன் ஹில்டெபிராண்ட், தொடக்க ஆண்டுகளில் களத்திலேயே யோகான் டீன்ட்சென்ஹோஃபர். இவை போதாதென்று 1723இல் ஆயர் நொய்மனைப் பாரிஸுக்கு அனுப்பி, பிரெஞ்சு அரசரின் முதல் கட்டடக் கலைஞரான ரொபேர் தெ கோத்திடமும் ழெர்மேன் பொஃப்ராணிடமும் வரைபடங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டுவரச் செய்தார். அங்கிருந்து நொய்மன் ஆயருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. பொஃப்ராணோ பின்னாளில், 1745இல், தம் படைப்புகளைத் தொகுத்து வெளியிட்டபோது வூர்ஸ்பர்க் அரண்மனையையும் அவற்றோடு சேர்த்துக்கொண்டார். நீங்கள் கேட்ட குழப்பத்துக்கு இப்படியாக வயது 250 ஆண்டுகளுக்கு மேல்.

தோட்டப் பக்கத்து நடு மாடத்தின் அலங்கார எழுச்சியில் ஹில்டெபிராண்டின் கை தெரிகிறது. பக்கங்களில் துருத்தி நிற்கும் நீள்வட்ட மாடங்களை வெல்ஷின் எண்ணத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். இவற்றை மறுப்பதற்கு நொய்மனின் அன்பர்கள் படும் பாடு தேவையற்றது என்பது என் கருத்து. ‘ஒரு கட்டடம், ஒரு மேதை’ என்ற கணக்கு பிற்காலத்தில் வந்தது. 18ஆம் நூற்றாண்டு அரசவையில் வரைபடம் என்பது ஆட்சி ஆவணம் போல. பலர் திருத்துவார்கள், ஆள்பவர் கையொப்பமிடுவார். 1720 முதல் 1744 இறுதியில் கட்டுமானம் நிறைவுறும் வரை மூன்று ஆயர்களின் காலம் கடந்தது. அடிக்கல் நாட்டியவர் 1724இல் இறந்தார். அடுத்து வந்த ஹூட்டன் வேலையை மெதுவாக்கினார். 1729இல் பிரீட்ரிக் கார்ல் பொறுப்பேற்றதும் வேலை மறுபடி சூடுபிடித்தது. அத்தனை ஆண்டும் களத்தை விட்டு விலகாதவர் நொய்மன் ஒருவரே.

அவருக்கே உரியது எது என்று கேட்டால் நான் கைகாட்டும் இடம் படிக்கட்டு மண்டபம்.

முதல் திட்டங்களில் நுழைவு மண்டபத்தின் இரு புறமும் இரண்டு படிக்கட்டுகள் இருந்தன. பல சுற்று விவாதத்துக்குப் பின் ஒன்று கைவிடப்பட்டது. எஞ்சிய ஒன்று மிகப் பெரிதாயிற்று. வண்டி உள்ளே வந்து திரும்பும் அளவுக்கு விரிந்த கீழ் மண்டபம் தாழ்ந்தது, சற்று இருண்டது. அங்கிருந்து ஒரே அகன்ற வரிசையாகப் படிகள் மேலேறுகின்றன. ஏறத்தொடங்கும்போது தலைக்கு மேலே ஓவியத்தின் ஒரு விளிம்புதான் தெரியும். ஒவ்வொரு படிக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். பாதி வழியில் ஒரு மேடை. அங்கே படிகள் இரண்டாகப் பிரிந்து, வந்த திசையை நோக்கியே திரும்பி மேலேறுகின்றன. அப்படித் திரும்புகிற கணத்தில்தான் கூரை முழுதும் கண்ணில் விழுகிறது: ஏறத்தாழ 18 மீட்டர் அகலம், 30 மீட்டருக்கு மேற்பட்ட நீளம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை.

இவ்வளவு பெரிய இடத்தைக் கல்லால் மூடுவதில் உள்ள சிக்கலைச் சொன்னால்தான் அவர் செய்தது விளங்கும். வளைகூரையின் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் எல்லாம் சேர்ந்து சுவரை வெளிப்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கிறது. வளைவு உயரமாக இருந்தால் எடை பெரும்பாலும் கீழே இறங்கிவிடும். தட்டையாக ஆக ஆகப் பக்கவாட்டு விசை கூடும். படிக்கட்டு மண்டபத்தின் கூரையோ கவிழ்த்த தாம்பாளம் போல மிகத் தட்டையானது, அதன் எழுச்சி ஐந்தரை மீட்டர் அளவே. இதற்கு நொய்மன் எடை குறைந்த துளைக்கல்லைப் பயன்படுத்தினார். அடியில் மரச்சாரம், நம் கொத்தனார்கள் சென்ட்ரிங் என்று சொல்வதுதான், அதன்மேல் கற்களை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் இறுக்கி, சாந்து கெட்டிப்பட்ட பிறகு சாரத்தைப் பிரிப்பது. சாரம் பிரிக்கும் நாள்தான் கட்டியவருக்குத் தேர்வு நாள்.

இந்தக் கூரை பற்றி வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. இது நின்றால் இதன் கீழேயே தூக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று ஹில்டெபிராண்ட் பந்தயம் கட்டினாராம். உள்ளேயே பீரங்கி வரிசையை வைத்துச் சுடுங்கள், கூரை அசையாது என்று நொய்மன் பதில் சொன்னாராம். கதை என்ற அளவில்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். எனினும், கதையை உண்டாக்கியவர்கள் நொய்மனின் கையில் பீரங்கியைக் கொடுத்தது தற்செயல் அன்று. வெண்கலம் வார்ப்பவருக்குப் பொருளின் கனம் எங்கே கூட வேண்டும், எங்கே குறைய வேண்டும் என்பது தொழிலின் முதல் பாடம். மணியின் உதட்டில் தடிமன் பிழைத்தால் ஒலி கெடும். பீரங்கியின் அடிப்பகுதியில் பிழைத்தால் உயிர் போகும். வளைந்த ஓட்டை மெலிதாகவும் நிற்கும்படியாகவும் செய்யும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இத்தாலியில் பார்த்த தேவாலயங்களைவிட ஏகர் நகரத்துப் பட்டறையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

வெனிஸ் ஓவியர் ஜோவான்னி பத்தீஸ்தா தியெப்போலோ 1750 டிசம்பரில் இரு மகன்களுடன் வூர்ஸ்பர்க் வந்து, முதலில் பேரரசர் மண்டபத்தையும், 1752, 1753ஆம் ஆண்டுகளில் இந்தப் படிக்கட்டுக் கூரையையும் வரைந்தார். 600 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு அது; அதன் நான்கு விளிம்புகளிலும் நான்கு கண்டங்கள். ஏறும்போது முதலில் தெரிவது அமெரிக்கா, இருபுறமும் ஆசியாவும் ஆப்பிரிக்காவும், திரும்பியதும் எதிரே ஐரோப்பா. அந்த ஐரோப்பாவின் அடிவிளிம்பில், படை அதிகாரியின் உடையில், பீரங்கிக் குழல்மேல் சாய்ந்தபடி ஒருவர் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். அருகில் ஒரு நாய். அவர்தான் நொய்மன். கட்டடக் கலைஞருக்குக் கவராயமும் வரைபடச் சுருளும் கொடுப்பது ஓவிய மரபு. தியெப்போலோ கொடுத்தது பீரங்கி. 1741 முதல் நொய்மன் பீரங்கிப் படையின் கர்னல் என்பதால் அது முறையானதுமாகும்.

அரசவைக் கட்டடக் கலைஞர் என்ற பதவி அரண்மனையோடு நிற்கவில்லை. பிரீட்ரிக் கார்ல் காலத்தில் வூர்ஸ்பர்க், பாம்பர்க் ஆகிய இரு ஆட்சிப் பகுதிகளின் கோட்டை, தேவாலயம், சாலை, பாலம், வீடு என எல்லாக் கட்டுமானமும் அவர் பார்வைக்குப் போயின. வூர்ஸ்பர்க் நகருக்குக் குழாய் வழியே தண்ணீர் கொண்டுவந்தவர் அவர். கண்ணாடித் தொழிற்சாலை நடத்தியவர் அவர். 1731இல் பல்கலைக்கழகத்தில் குடிமைக் கட்டடக் கலைக்கும் படைக் கட்டடக் கலைக்கும் பேராசிரியரும் ஆனார். தெருக்களில் புது வீடு கட்டுவோரின் வரைபடங்களைச் சரிபார்க்கும் குழுவிலும் இருந்தார். இன்று ஒரு மாநிலப் பொதுப்பணித் துறை முழுதும் பார்க்கிற வேலை அது.

பிறர் கெடுத்ததைத் திருத்துவதில் அவருக்கு இருந்த திறமை தனியாகச் சொல்லத்தக்கது. புரூக்சால் நகரில் டாமியன் ஹூகோ அரண்மனை கட்டிக்கொண்டிருந்தபோது நடுவில் திட்டத்தை மாற்றி இடையே ஒரு மாடியைச் சேர்த்துவிட்டார்; அதனால் படிக்கட்டுக்கென விட்டிருந்த வட்ட வெளியில் படிகள் எப்படி ஏறும் என்று யாருக்கும் விளங்கவில்லை. 1731 வாக்கில் நொய்மன் அதை அவிழ்த்தார். கீழே இருண்ட குகை போன்ற ஓர் அறை. அதைச் சுற்றி இரு கைகள் அணைப்பதுபோல வளைந்து ஏறும் படிகள். உச்சியில் ஒளி நிறைந்த குவிமாடத்தின் கீழ் ஒரு மேடை, சுற்றிலும் வெளி, தீவு போல. கொலோன் பேராயருக்காகப் புரூல் நகரில் 1740களில் அவர் அமைத்த படிக்கட்டு இதைவிட அலங்காரம் மிக்கது. ஆயினும் புரூக்சாலின் எளிய வளைவையே நான் உயர்வாக மதிப்பேன்.

பதினான்கு புனிதர்களின் பெயரால் வழங்கும் ஃபியர்ட்சேன்ஹைலிகன் தேவாலயத்தில் சிக்கல் வேறு விதம். 15ஆம் நூற்றாண்டில் ஓர் இடையனுக்குக் காட்சி கிடைத்ததாகச் சொல்லப்படும் இடத்தில் திருத்தலம் அமைந்திருந்தது. பலிபீடம் அதே இடத்தில்தான் இருக்க வேண்டும். நொய்மனின் திட்டப்படி அது சிலுவை வடிவக் கட்டடத்தின் சந்திப்பில், குவிமாடத்தின் கீழ் வரும். 1743இல் அடிக்கல் நாட்டியபின் மேற்பார்வையை ஏற்ற கிரோனே என்பவர் தம் விருப்பப்படி கட்டடத்தைக் கிழக்கே தள்ளிவிட்டார். பார்த்தால், புனித இடம் மக்கள் நிற்கும் நடுக்கூடத்தின் மத்தியில் வந்து விழுந்திருந்தது. எழுப்பிய சுவர்களை இடிக்கவும் வழியில்லை. ஆயருக்குச் சினம் மூண்டது. நொய்மன் வெளிச்சுவர்களை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே புதிதாக ஒரு கூடு செய்தார்: ஒன்றையொன்று தொடும் நீள்வட்டங்கள், அவற்றுள் பெரியது பலிபீடத்தைச் சூழும். மரபுப்படி குவிமாடம் எழவேண்டிய சந்திப்பில் குவிமாடமே இல்லை. இரு பக்க வளைகூரைகள் அங்கே வந்து முட்டி நிற்கின்றன. வெளியே நேர்கோடு, உள்ளே அலை. கிரோனே பிழை செய்யாதிருந்தால் நமக்கு இன்னும் ஒரு நல்ல தேவாலயம் கிடைத்திருக்கும், இது கிடைத்திராது. 1772இல் திருநிலைப்படுத்தப்பட்டபோது இருவருமே உயிரோடு இல்லை.

பதவி ஆள்பவரின் தயவில் நிற்பது என்பதை 1746 காட்டியது. பிரீட்ரிக் கார்ல் இறந்து, அடுத்து வந்த இங்கெல்ஹைம் கட்டடத் துறைத் தலைமையிலிருந்து நொய்மனை நீக்கினார். பொன் செய்யும் இரசவாதத்தில் நாட்டம் கொண்ட ஆட்சியாளர் அவர். கட்டடத்தில் பொன்னைக் கரைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை போலும். அந்த மூன்று ஆண்டுகளில் நொய்மன் வியன்னா அரண்மனைக்கும் ஷ்டுட்கார்ட் அரண்மனைக்கும் பெரும் திட்டங்கள் வரைந்தார். அவை தாளிலேயே தங்கின. நேரெஸ்ஹைம் மடத்தின் தேவாலயத்தையும் அப்போதுதான் தொடங்கினார். 1749இல் கிரைஃபென்கிளாவ் ஆயரானதும் பழைய பதவி திரும்பியது. 1753 ஆகஸ்ட் 19 அன்று வூர்ஸ்பர்க்கில் இறந்தார். தியெப்போலோ அப்போது இன்னும் ஊரில்தான் இருந்தார். நொய்மனின் உடல் அந்நகர மரியன்னை சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் இல்லாத நேரெஸ்ஹைமில் என்ன நடந்தது என்பது உங்கள் கேள்விக்கு மறைமுகமான விடை. தூண்களும் சுவர்களும் அவர் திட்டப்படியே எழுந்தன. ஆனால் குவிமாடங்களைக் கல்லில் கட்டத் துணியாமல் மரச்சட்டத்தில் சாந்து பூசி முடித்தார்கள். வரைபடம் எல்லாரிடமும் இருந்தது. அதை நம்பிச் சாரத்தைப் பிரிக்கக்கூடியவர் இல்லை.

வூர்ஸ்பர்க்கின் கல் கூரைக்கான சோதனை 1945 மார்ச் 16 இரவு வந்தது. பிரிட்டிஷ் விமானப்படை இருபது நிமிடங்களுக்குள் பழைய நகரைப் பெரும்பாலும் எரித்தது; ஏறத்தாழ 5,000 பேர் இறந்தனர். அரண்மனையின் மரக்கூரைகள் எரிந்து, தீப்பற்றிய உத்தரங்கள் வளைகூரைகளின் மேல் விழுந்தன. பக்கச் சிறகுகள் உள்ளே வெந்து சாம்பலாயின. கண்ணாடி அறை அழிந்தது. படிக்கட்டு மண்டபம், பேரரசர் மண்டபம் ஆகியவற்றின் வளைகூரைகள் விழவில்லை. ஆனால் மேலே மூடுகூரை இல்லாததால் மழை இறங்கினால் ஓவியம் உதிர்ந்துவிடும் நிலை. அமெரிக்கப் படையின் கலைப் பாதுகாப்பு அதிகாரி ஜான் ஸ்கில்டன், எங்கும் பொருள் கிடைக்காத அந்தக் கோடையில் மரமும் தார்த்தாளும் தேடிப் பிடித்துத் தற்காலிகக் கூரை போட்டார். 1981இல் அரண்மனை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1991 முதல் யூரோ வரும் வரை ஜெர்மனியின் 50 மார்க் தாளில் நொய்மனின் முகமும், பின்புறம் அந்தப் படிக்கட்டும் இருந்தன.

இன்னொரு செய்தி, நீங்கள் கேட்காதது. அவருடைய மகன் பிரான்ஸ் இக்னாஸ் மிகாயேலும் பொறியாளர் ஆனார். 1767இல் மின்னல் தாக்கி மைன்ஸ் பேராலயத்தின் மேற்குக் கோபுர மரக்கூரை எரிந்துபோனபோது, அதைத் திரும்பக் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. மறுபடி தீப்பிடிக்கக் கூடாதென்று அவர் அதை முழுவதும் கல்லிலேயே எழுப்பினார். இன்றும் மைன்ஸ் நகரில் அந்தக் கோபுரத்தைப் பார்க்கலாம்.